ஸ்டார் என்றால் எந்த ஸ்டார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்கள் அதன் மூடியைத் தொடவே பயப்படுவார்கள். பிறகு ஒரு நாள் ராம் போதவில்லை, எஸ்எஸ்டி மாட்டலாம், ஃபேன் சத்தம் போடுகிறது என்று ஏதாவது ஒரு காரணம் வரும். அப்போது வீட்டில் கையில் அகப்படுவது கரண்ட் பார்க்கும் டெஸ்டர்தான். அதன் தட்டை முனையை ஸ்க்ரூவின் தலையில் வைத்து ஓங்கித் திருகுவார்கள். ஸ்க்ரூ கழலாது. இன்னும் பலமாகத் திருகினால் தலையில் உள்ள பள்ளம் மழுங்கிப் போகும். அதன் பிறகு எந்த டிரைவர் கொண்டு வந்தாலும் பயனில்லை.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள வீடுகளில் கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். நான் பார்த்த மழுங்கிய ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவை பலம் போதாமல் மழுங்கியவை அல்ல. தவறான பிட் போட்டுத் திருகியதால் மழுங்கியவை. எனவே மூடியைத் திறக்கும் முன் ஸ்க்ரூவின் தலையை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கப் பழகிக் கொள்வோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்து விடலாம். நம் ஊர் ஹார்ட்வேர் கடைகளில் ஸ்க்ரூ டிரைவருக்கு இரண்டே பெயர்கள்தான். ஒரு கோடு இருந்தால் மைனஸ், கூட்டல் குறி போல இருந்தால் ஸ்டார். (சிலர் பிளஸ் என்றும் சொல்வார்கள். அதுவே சரியான பெயர் என்பேன்.) நாம் ஸ்டார் என்று சொல்வதன் உண்மைப் பெயர் பிலிப்ஸ். ஆனால் வெளிநாடுகளில் ஸ்டார் என்றால் டார்க்ஸ் எனப்படும் ஆறு முனை கொண்ட நட்சத்திரம். என் தெருவில் ஒரு கல்லூரி மாணவர் இன்டர்நெட்டில் ஸ்டார் பிட் செட் என்று தேடி ஆர்டர் செய்தார். வந்த பத்து பிட்களும் டார்க்ஸ். அவருடைய சிபியுவில் ஒரு ஸ்க்ரூவுக்குக் கூட அவை பொருந்தவில்லை. ஆகவே ஆன்லைனில் வாங்குபவர்கள் ஸ்டார் என்ற சொல்லை மறந்து விட்டு, பிஎச் அல்லது டி என்ற எழுத்தையும் அதனுடன் வரும் எண்ணையும் பார்த்து வாங்கவும்.

மைனஸ் தலை

தலையில் ஒரே ஒரு நேர்க்கோட்டுப் பள்ளம். செய்வதற்கு எளிது, எனவே பழைய இயந்திரங்களில் எங்கும் இதுதான். திருவொற்றியூரில் 1955-க்குப் பின் தயாரான என்ஃபீல்டு புல்லட்டுகளில் பழைய வண்டி எதையாவது பார்த்திருந்தால், இஞ்சின் மூடியைச் சுற்றி உருண்டைத் தலையுடன் வரிசையாக மைனஸ் ஸ்க்ரூக்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இங்கிலாந்து வடிவமைப்பு அப்படியே வந்தது. பள்ளத்தின் அகலத்திற்குச் சரியான டிரைவர் இல்லாவிட்டால் அது வழுக்கிப் பக்கத்தில் உள்ள அலுமினியத்தைக் கீறி விடும். வடசென்னை மெக்கானிக்குகள் டிரைவரின் முனையைக் கிரைண்டரில் வைத்துத் தங்களுக்கு ஏற்ற கனத்துக்குத் தேய்த்து வைத்துக் கொள்வது இதனால்தான்.

இன்றைய கம்ப்யூட்டரில் தனி மைனஸ் ஸ்க்ரூ அநேகமாக இல்லை. கையாலேயே திருகும் பெரிய தலை கொண்ட ஸ்க்ரூக்களில் மட்டும் கூட்டல் குறியோடு சேர்ந்து வரும். வழுக்கும் டிரைவர் மதர்போர்டின் மேல் போய் நின்றால் அங்குள்ள மெல்லிய செப்புக் கோடுகள் அறுந்து போகும். டெஸ்டரை கம்ப்யூட்டர் பக்கம் கொண்டு வராதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவே காரணம்.

பிலிப்ஸ்

பல்பு, டிரான்சிஸ்டர் ரேடியோ செய்த பிலிப்ஸ் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இவர் ஹென்றி பிலிப்ஸ்; அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் நகரத்துக்காரர். கூட்டல் குறித் தலைக்கான முதல் யோசனை வேறொருவருடையது. அதை வாங்கி மேம்படுத்தி 1936-ல் காப்புரிமை பெற்றார். கேடிலாக் கார் தொழிற்சாலை உடனே எடுத்துக் கொண்டது. காரணம் எளிது: டிரைவரை வைத்தவுடன் அது தானாகவே பள்ளத்தின் நடுவில் போய் அமர்ந்து கொள்கிறது. வேகமாக ஓடும் அசெம்பிளி வரிசையில் மைனஸ் டிரைவரைப் பள்ளம் தேடி வைக்க நேரம் ஏது?

ஆனால் ஒரு குறை உண்டு. பள்ளத்தின் சுவர்கள் உள்நோக்கிச் சரிவாக இருக்கும். எனவே திருகும்போது டிரைவர் தானாக மேலே ஏறி வெளியே வரப் பார்க்கும். அப்படி ஏறும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தின் ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டி விடும். இதைத் தடுக்க டிரைவரை நன்றாக அழுத்திக் கொண்டு மெதுவாகத் திருப்ப வேண்டும். ஜப்பானியர் இதற்கு ஒரு கணக்கு சொல்வார்கள்: ஏழு பங்கு அழுத்தம், மூன்று பங்கு திருப்பம். நம்மில் பலர் செய்வது நேர் எதிர்.

அடுத்து அளவு. சிபியு கேபினெட்டின் மூடி, எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு இவற்றுக்கு பிஎச்2. சிறிய ஸ்க்ரூக்களுக்கு பிஎச்1. லேப்டாப்பின் அடி மூடிக்கு பிஎச்0 அல்லது பிஎச்1. அதற்கும் சிறியது பிஎச்00. எண் கூடக்கூடப் பிட் பெரியது. பூஜ்யங்கள் கூடினால் பிட் சிறியது. வீடுகளில் நடக்கும் தவறு என்னவென்றால், பிஎச்2 வேண்டிய இடத்தில் கையில் இருக்கும் பிஎச்1 பிட்டைப் போடுவதுதான். அது உள்ளே போகும், திருப்பவும் செய்யும், ஆனால் பள்ளத்தின் அடியை மட்டுமே தொட்டுக் கொண்டிருக்கும். லேசான ஸ்க்ரூ கழன்று விடும். இறுக்கமானது மழுங்கும்.

சரியான அளவா என்று அறிய ஒரு சோதனை: தனியாக எடுத்த ஒரு ஸ்க்ரூவைக் காந்தம் இல்லாத பிட்டின் முனையில் செருகிப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். ஆடாமல் நின்றால் பொருத்தம் சரி. தலை தொங்கினாலோ இப்படி அப்படி ஆடினாலோ வேறு பிட் எடுக்கவும்.

இன்னும் இரண்டு கூட்டல் குறிகள் உண்டு. பார்க்க பிலிப்ஸ் போலவே இருந்து ஏமாற்றக் கூடியவை. ஜப்பானியத் தரத்தில் செய்த ஸ்க்ரூவின் தலையில், குறிக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி குத்தியிருக்கும். பழைய ஜப்பானியப் பிரிண்டர்கள், கேமராக்கள், பைக்குகளில் பார்க்கலாம். இதில் பிலிப்ஸ் பிட் அடிவரை இறங்காது. புள்ளியைப் பார்த்தால் இரட்டை மடங்கு அழுத்தம் கொடுங்கள், அல்லது ஜேஐஎஸ் என்று எழுதிய டிரைவரைத் தேடுங்கள். அந்த டிரைவர் பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் நன்றாக அமரும் என்பது ஒரு வசதி. மற்றொன்று போசிடிரிவ். கூட்டல் குறியின் நான்கு கைகளுக்கு இடையில் மெல்லிய கோடுகள் இருக்கும். கம்ப்யூட்டர் மேசை, அலமாரிகளில் வரும். இதற்கு பிசட்2 பிட் வேண்டும். இதில் பிலிப்ஸ் பிட்டைப் போட்டால் ஆடும்.

ஆலன், அறுகோணம்

தலையின் உள்ளே ஆறு பக்கப் பள்ளம் இருந்தால் அது ஆலன். எல் வடிவச் சாவியால் திருகுவது. மானிட்டர் ஸ்டாண்ட், சுழல் நாற்காலி இவற்றோடு சாவியும் டப்பாவிலேயே வரும். பத்திரமாக வைத்துக் கொள்ளவும்.

தலையின் வெளிப்புறம் அறுகோணமாக இருப்பது வேறு. பல கேபினெட் ஸ்க்ரூக்களின் தலை இப்படித்தான் இருக்கும், நடுவில் பிலிப்ஸ் பள்ளமும் இருக்கும். இந்த அறுகோணத்தின் அகலம் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. வீட்டில் உள்ள 6 நம்பர் ஸ்பேனர் உள்ளே போகாது, 7 நம்பர் ஆடும். ஆனால் சாதாரணப் பிட்களின் பின்பகுதியும் அதே 6.35 மி.மீ. அறுகோணம்தான். ஆகவே பிட்டைக் கழற்றி விட்டுக் காலி ஹோல்டரையே ஸ்க்ரூவின் தலை மேல் மாட்டித் திருகலாம். நடுப்பள்ளம் மழுங்கிப் போன கேபினெட் ஸ்க்ரூக்களை நான் பெரும்பாலும் எடுப்பது இப்படித்தான்.

டார்க்ஸ்

இதுதான் உண்மையான நட்சத்திரம். அமெரிக்காவின் கேம்கார் டெக்ஸ்ட்ரான் கம்பெனி 1967-ல் கொண்டு வந்தது. பள்ளத்தின் சுவர்கள் சரிவாக இல்லாமல் செங்குத்தாக இருப்பதால் பிட் மேலே ஏறாது. குறைந்த அழுத்தத்தில் அதிக முறுக்கு. என்னைக் கேட்டால் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் இதையே போட்டிருக்கலாம்.

காம்பேக், எச்பி கம்பெனிகளின் பழைய டெஸ்க்டாப்களில் டி15 அளவு டார்க்ஸ் உண்டு. செகண்ட்ஹேண்டில் அலுவலகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதனைப் பார்த்திருப்பீர்கள். நல்ல வேளையாக அந்தத் தலைகளில் ஒரு மைனஸ் கோடும் சேர்த்தே வெட்டியிருப்பார்கள். சில ஸ்க்ரூக்களில் நட்சத்திரத்தின் நடுவில் ஒரு சிறு குச்சி நீட்டிக் கொண்டிருக்கும். அதற்கு நடுவில் துளை உள்ள பிட் தேவை.

டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்கின் மேல் மூடியிலும் சிறிய டார்க்ஸ் ஸ்க்ரூக்கள்தான் உள்ளன. பெரும்பாலும் டி8. பிட் கையில் இருக்கிறதே என்று இதனை மட்டும் திறக்க வேண்டாம். உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி, தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. துறைமுகப் பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கொண்டு அந்த மூடியைக் கழற்றினால், உங்கள் குழந்தையின் பிறந்தநாள் போட்டோக்கள் அன்றோடு சரி. டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் மின்சாரத்தை நிறுத்தி விட்டு, டேட்டா மீட்பவர்களிடம் கொடுக்கவும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியும் அப்படியே. அதன் ஸ்க்ரூக்கள் சாதாரண பிலிப்ஸ்தான். யாரும் திறக்கலாம் போலத் தோன்றும். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். கேபினெட்டிலிருந்து பெட்டியை முழுதாகக் கழற்றி மாற்றுவது வரைதான் நம் வேலை.

ஆப்பிள் கம்பெனியின் ஐந்து இதழ் பூ போன்ற பென்டலோப் தலை 2009-ல் மேக்புக்கில் வந்தது. பிறகு ஐபோன் அடியிலும் வந்து சேர்ந்தது. 2016-ல் வந்த ஐபோன் 7-க்குள் மூன்று கை கொண்ட ஒய் தலையும் இருந்தது. நீங்கள் திறக்கக் கூடாது என்பதற்காகவே செய்தவை. அவற்றுக்கும் இப்போது பிட்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

தலை ஒன்று, மரை வேறு

தலையைப் பார்த்தாகி விட்டது. கீழே உள்ள மரையையும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இரண்டு விதமான மரைகள் கலந்து இருக்கின்றன. ஒன்று 6-32 எனப்படும் அமெரிக்க அங்குல மரை. ஒரு அங்குலத்திற்கு 32 சுற்று, குறுக்களவு சுமார் 3.5 மி.மீ. மற்றது எம்3 எனப்படும் மெட்ரிக் மரை. குறுக்களவு 3 மி.மீ., சுற்றுகள் நெருக்கமாக அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். 1981-ல் வந்த ஐபிஎம் பி.சி. அமெரிக்கப் பெட்டி. சிடி டிரைவ் போன்றவை மெட்ரிக் உலகத்திலிருந்து வந்தவை. இரண்டும் ஒரே கேபினெட்டுக்குள் குடித்தனம் நடத்துகின்றன.

கேபினெட் மூடி, எஸ்எம்பிஎஸ், பெரிய 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இவற்றுக்கு 6-32. டிவிடி டிரைவ், 2.5 அங்குல எஸ்எஸ்டி இவற்றுக்கு எம்3. குச்சி வடிவ எம்.2 எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும் எம்2 என்ற மிகச் சிறிய ஸ்க்ரூ. எம்3 ஸ்க்ரூவை 6-32 துளையில் போட்டால் பிடிக்காமல் தளதளவென்று ஆடும்; கெடுதல் அதிகம் இல்லை. 6-32 ஸ்க்ரூவை எம்3 துளையில் பலவந்தமாக ஏற்றினால்தான் ஆபத்து. இரண்டு சுற்று போனதும் இறுகும். இன்னும் திருகினால் புது எஸ்எஸ்டியின் மரை அறுந்து போகும். முதல் மூன்று சுற்றுகளைப் பிட் இல்லாமல் விரலால் மட்டும் திருகுங்கள். விரலுக்கு வராத ஸ்க்ரூ அந்தத் துளைக்குரியது அல்ல.

இரண்டு ஸ்க்ரூக்கள் ஒரே மரையா என்று தெரிய, அவற்றின் மரைப் பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல்லும் பல்லும் பொருந்தி வெளிச்சம் தெரியாமல் இருந்தால் ஒரே வகை.

மதர்போர்டுக்கு அடியில் உள்ள பித்தளைத் தாங்கிகளையும் எண்ணிக் கொள்ளவும். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி கூடுதலாக நின்றால் அது அடியில் ஷார்ட் செய்து போர்டையே காலி செய்யும். லேப்டாப்பில் பிரச்சினை நீளம். ஒரே தலை, ஒரே மரை, ஆனால் ஒன்று 4 மி.மீ., இன்னொன்று 8 மி.மீ. என்று இருக்கும். நீளமானதைச் சிறிய துளையில் போட்டால் மேலே கீபோர்டுப் பக்கம் முட்டும் அல்லது போர்டைக் குத்தும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படமாக வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே செல்லோடேப்பால் ஒட்டி வையுங்கள்.

உப்புக் காற்று

இனி வருவது கடலோர வாசகர்களுக்கு. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளப்படுவது நின்று, அந்தச் சரக்கு எண்ணூர் துறைமுகத்துக்கு மாறியது. உப்புக் காற்று எந்த உத்தரவுக்கும் கட்டுப்படவில்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரைந்து விடும். நம் பகுதியில் பல நாட்கள் காலையில் அதற்கு மேல்தான் இருக்கும். ஸ்க்ரூவின் மேல் படிந்த உப்பு இப்படி ஈரமாகி, துத்தநாகப் பூச்சைத் தின்று, அதன் பின் இரும்பைத் தின்கிறது. சிபியுவின் பின்பக்க ஸ்க்ரூக்கள் முதலில் துருப்பிடிக்கும். ஜன்னல் ஓரம் வைத்த கம்ப்யூட்டர் என்றால் இன்னும் சீக்கிரம்.

துருப்பிடித்த ஸ்க்ரூவை எடுத்தவுடன் இடப்பக்கம் திருப்பாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டைப் படுக்க வைத்து, புதிய பிஎச்2 பிட்டைப் பள்ளத்தில் வையுங்கள். பள்ளத்தில் துருத் தூள் இருந்தால் முதலில் ஊசியால் சுரண்டி எடுக்கவும், இல்லாவிட்டால் பிட் அடிவரை இறங்காது. முதலில் வலப்பக்கம், அதாவது இறுக்கும் பக்கம், ஒரு நூலிழை திருப்புங்கள். துருவின் பிடி விட்டது கையில் தெரியும். பிறகு கழற்றவும். அசையவே இல்லை என்றால், காது குடையும் பஞ்சுக் குச்சியில் துரு நீக்கும் எண்ணெயை ஒரு சொட்டு நனைத்துத் தலையின் ஓரத்தில் தொட்டு வைத்து, கால் மணி நேரம் பொறுக்கவும். ஸ்பிரே டப்பாவை நேராக அடிக்க வேண்டாம். உள்ளே போய் ஃபேனிலும் கார்டுகளிலும் தூசியோடு சேர்ந்து பசையாகி விடும்.

தலை ஏற்கெனவே மழுங்கியிருந்தால், அகலமான ரப்பர் பேண்டு அல்லது பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய மெல்லிய துண்டைத் தலை மேல் வைத்து, அதன் மேல் பிட்டை அழுத்தித் திருப்பிப் பாருங்கள். ரப்பர் இடைவெளியை நிரப்பிப் பிடி கொடுக்கும். தலை வெளியே நீட்டிக் கொண்டிருந்தால் கட்டிங் பிளேயரால் கெட்டியாகப் பிடித்துத் திருப்பலாம். ஹேக்ஸா பிளேடால் புதுப் பள்ளம் வெட்டும் வித்தையை பைக்கில் செய்யலாம்; கம்ப்யூட்டரில் வேண்டாம். இரும்புத் தூள் மதர்போர்டில் விழுந்தால் ஷார்ட் நிச்சயம். பேட்டரி டிரில்லும் வேண்டாம். அதன் வேகத்தில் ஒரு விநாடிக்குள் தலை மொட்டையாகி விடும்.

மதர்போர்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்திருந்தால் கட்டாயம் மாற்றி விடுங்கள். அவை போர்டைத் தாங்குவதோடு, போர்டின் எர்த்தைக் கேபினெட்டோடு இணைக்கும் வேலையையும் செய்கின்றன.

என்ன வாங்குவது? பிஎச்2 அளவில் நீளமான நல்ல டிரைவர் ஒன்று. முனையில் காந்தம் இருந்தால் உள்ளே விழுந்த ஸ்க்ரூவை எடுக்கலாம். அந்தச் சிறு காந்தத்தால் ஹார்ட் டிஸ்க் கெடாது. லேப்டாப் வைத்திருப்பவர்கள் 4 மி.மீ. அறுகோணப் பிட்கள் கொண்ட சிறிய செட் ஒன்றும் வாங்கவும். அதில் பிஎச்1, பிஎச்0, பிஎச்00, டி5, டி6, டி8 இருக்கிறதா என்று பாருங்கள். நூறு பிட் கொண்ட செட்டுகளை ரிச்சி தெருவில் அடுக்கி வைத்திருப்பார்கள். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். பிட்டின் மேல் எஸ்2 அல்லது குரோம் வெனடியம் என்று பொறித்திருந்தால் நல்லது. எதுவும் பொறிக்காத மென்மையான இரும்புப் பிட், ஸ்க்ரூவுக்கு முன் தானே மழுங்கும். மழுங்கிய பிட் அடுத்த ஸ்க்ரூவையும் மழுக்கும்.

வாரண்டி காலத்தில் உள்ளவர்கள் ஸ்க்ரூ மேல் ஒட்டிய சீல் இருக்கிறதா என்று பார்த்து, விதிமுறையைப் படித்த பின் கை வைக்கவும்.

கேபினெட் வாங்கும்போது ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் உபரி ஸ்க்ரூக்கள் தருவார்கள். பலர் அதை அட்டைப் பெட்டியோடு பழைய பேப்பர்காரரிடம் போட்டு விடுகிறார்கள். மூடி இறுக்கமான ஒரு மாத்திரை டப்பாவில் அவற்றைப் போட்டு, மாத்திரையோடு வந்த ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தையும் உள்ளேயே விட்டு வையுங்கள். 6-32 ஒரு டப்பா, எம்3 ஒரு டப்பா.